சூசை அண்ணன் வண்டியின் பிளக்கு

பிள்ளைகளே,

போன கிழமை கடைப்பக்கம் வந்தபோது ஒரு காரியம் பார்த்தேன். உங்களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி ஒரு காரின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒரே டப்பாவில் போட்டு, பெட்ரோல் ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல சுறுசுறுப்பு. நெற்றியெல்லாம் வேர்வை. வேலையிலிருந்து நின்றுபோனவள் வந்த இடத்தில் வாய் நீட்டக்கூடாது என்று கட்டங்காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதுதான் எழுதுகிறேன். எழுத்து எனக்குப் பையத்தான், மெதுவாகத்தான் வரும். நீங்களும் பையப் படியுங்கள்.

டப்பாவில் போட்டது குற்றமில்லை. போடுவதற்கு முன்னால் அவள் அதைப் பார்த்தாளா என்பதுதான் என் கேள்வி. பெட்ரோலில் முங்கி எழுந்தால் நாலு பிளக்குக்கும் ஒரே முகம். எது எந்தச் சிலிண்டரில் இருந்தது, எது கறுத்திருந்தது, எது நனைந்திருந்தது, எது வெளுத்திருந்தது, ஒன்றும் தெரியாது. சீக்காளியின் வாயைப் பொத்திக்கொண்டு எங்கே வலிக்கிறது என்று கேட்பதுபோலத்தான்.

என் பிறந்த வீடு குழித்துறைப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் நான் அண்டியாபீசில் இருந்தேன். வெளியூர்ப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கிற கம்பெனியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முதலில் கொட்டை தல்லினேன், தட்டி உடைக்கிற வேலை. பிறகு தொலி உரித்தேன். கடைசியில் தரம் பிரிக்கிற மேசைக்கு வந்தேன். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கை கறுத்துப்போகும், சோறு பிசைந்தாலும் போகாத கறுப்பு. ஆனால் அந்த மேசையில் என் கண்ணுக்கு ஒரு மதிப்பு இருந்தது. வெள்ளைப் பருப்பு, இளம்பழுப்பு, கருகினது என்று கண் பார்க்கும் முன்னே கை பிரித்துப்போடும். நான் பிரித்த தட்டை மறுபடி கிளறிப் பார்க்க எந்தச் சூப்பர்வைசருக்கும் தேவை வந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கல்யாணம் கழிந்து இந்தக் கொட்டாரம் ஊருக்கு வந்தால் இங்கே அண்டியாபீஸ் இல்லை. நம்ம ஒர்க்‌ஷாப்பில் பாகம் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பெண்பிள்ளை போகிற இடமா அது என்று வீட்டுக்காரர் பக்கத்துச் சனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். எப்படியும் கறுத்த கைதானே என்று நான் வந்து சேர்ந்தேன். அப்போது ஆசான் இருந்தார், இந்தக் கடையை உண்டாக்கினவர். அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் எழுதப்போவதில்லை.

வந்த அன்றைக்கே ஒரு பெயிண்ட் டப்பா நிறையப் பழைய பிளக்கைத் தந்து கழுவச் சொன்னார். நான் கழுவத் தொடங்கவில்லை. பழகின கை விடுமா? ஒரு சாக்கை விரித்து, எல்லாவற்றையும் கொட்டி, நிறம் பார்த்துக் கூறு கூறாகப் பிரிக்க உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு உங்களுக்கு முதலாளியாக இருக்கிற செல்வன் அன்றைக்கு ஆசானுக்கு அடுத்த மெக்கானிக். கழுவச் சொன்னால் கோலம் போடுகிறாள் பாருங்கள் என்று சிரித்தான். ஆசான் சிரிக்கவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கூறாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வறுத்த பருப்பு மாதிரி இளம்பழுப்பாக இருக்கிறது நல்ல தேகசுகம் உள்ள வண்டி. ஈரமாக, எண்ணெய் மினுங்கக் கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து உள்ளே ஆயில் ஏறுகிறது. முனை வெளுத்துப் பொரிந்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. ஈரமே இல்லாமல், தொட்டால் மை மாதிரி விரலில் ஒட்டுகிற உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடிப் போகிறது, இல்லையானால் அந்த எஞ்சின் சூடாகவே இல்லை.

பிறகு என் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிளக்கு பேசும், தங்கம். தொடச்சிட்டா பேச்சு போச்சு. தொடைக்கதுக்கு முன்ன பாரு."

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு முட்டைத் தட்டு கொண்டுவந்தேன். முதல் குழியில் முதல் சிலிண்டர் பிளக்கு, அடுத்ததில் அடுத்தது. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க எந்த வண்டியின் பிளக்கும் அந்தத் தட்டில் வரிசையாக உட்காராமல் பெட்ரோலைப் பார்த்ததில்லை. தட்டில் உட்காரவைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன். "அக்கா சாதகம் பாக்கா, யாரும் மிண்டாதீங்க" என்று எல்லார் வாயையும் அடைப்பான் செல்வன். பிளக்குச் சோசியர் என்று எனக்குப் பேரும் வைத்தான். பேர் நன்றாகத்தான் இருந்தது.

கழற்றுவது, மாட்டுவது, இடைவெளி வைப்பது, எந்த வண்டிக்கு எந்தப் பிளக்கு, இதெல்லாம் செல்வன் உங்களுக்குச் சொல்லித்தருவான். ஒன்று மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன். புதுப் பிளக்கை முதலில் கைவிரலால் சுற்றி இறக்குங்கள். அது உங்கள் விரலுக்கு வழிவிட்டால்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். இப்போது வருகிற ஊசி முனைப் பிளக்குகளை உப்புத்தாள் போட்டு உரசாதீர்கள். முனை போய்விடும், அதோடு அதன் வாழ்வும் போய்விடும்.

பிளக்கு செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். நடுவில் ஒரு கம்பி, அதற்கு எதிரே வளைந்த ஒரு கம்பி, ரெண்டுக்கும் நடுவே நகக்கனம் இடைவெளி. கரண்டு அந்த இடைவெளியைத் தாண்டிச் சாடும்போது தீப்பொறி விழுகிறது, பெட்ரோல் எரிகிறது, வண்டி நகர்கிறது. கரண்டு வேறு வழியில் போய்விடாமல் சுற்றிலும் வெள்ளைப் பீங்கான் காவல் நிற்கிறது. அந்தப் பீங்கானில் கரி படிந்தால் கரண்டுக்குச் சாட வேண்டிய கஷ்டம் இல்லை. கரி வழியாகச் சறுக்கிக் கீழே இறங்கிவிடும். பொறி விழாது. விறகடுப்பு வைத்து ஆக்கினவர்களுக்குத் தெரியும், தீ நன்றாக நின்று எரிகிற இடத்தில் கரி பிடிக்காது, புகைந்துகொண்டிருக்கிற இடத்தில்தான் பிடிக்கும். பிளக்கும் அப்படித்தான். நன்றாகச் சூடானால் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வேறு யாரும் துடைக்க வேண்டாம்.

இதைத் தெரிந்துகொண்டால் பிளக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சூசை அண்ணன் வண்டி வருகிற வரைக்கும்.

சூசை அண்ணன் கடற்கரை ஊர்க்காரர். வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தவர், முட்டுவலி வந்து கடலை விட்டுவிட்டார். பெண்சாதி இல்லை. மகன் ஆன்றோவுக்குக் கல்ஃப் நாட்டில் வேலை. மகள் ஷைனி நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஆன்றோ ஒரு லீவுக்கு வந்தபோது சின்னதாக ஒரு பெட்ரோல் கார் எடுத்தான். லீவு தீர்ந்து போகிறபோது அப்பாவிடம் ஒரு காரியம் சொல்லிவிட்டுப் போனான். வண்டி சும்மா கிடந்தால் கெட்டுப்போகும், தினம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடுங்கள் என்று.

அந்த வண்டி நம்ம கடைக்கு ஓடி வந்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் கயிறு கட்டி இழுத்துத்தான் வரும். முதல் தடவை பார்த்தபோது நாலு பிளக்கும் கறுத்திருந்தது. புதிது போட்டு அனுப்பினோம். கொஞ்ச நாளில் மறுபடி கயிற்றில் வந்தது. அவர் ஊரில் கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறவர்கள் கேலி பேசத் தொடங்கிவிட்டார்கள். சூசைக்குக் கடலை விட்டும் இழுப்பு விடவில்லை, முன்னே வலையை இழுத்தார், இப்போது காரை இழுக்கிறார் என்று. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பாராம். ஆனால் கடைக்கு வந்தால் சிரிப்பு இருக்காது.

செல்வன் ஒன்றும் அலட்சியமாகப் பார்க்கவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரிங் போயிருக்குமோ என்று கம்பிரஷன் பார்த்தான், நன்றாக இருந்தது. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தான். ஏர் பில்டர் பார்த்தான், வயர் பார்த்தான். எல்லாம் சரி. பிளக்கு மட்டும் கரி. கடைசியில் ஆன்றோ போனில் கேட்டபோது உள்ளதைச் சொன்னான். ஓடாமல் கிடக்கிற வண்டி இப்படித்தான் செலவு வைத்துக்கொண்டே இருக்கும், விற்பதானால் இப்போதே விற்றுவிடுவது நல்லது என்று. ஆன்றோவும் சரி என்றுவிட்டான். வாங்குகிற ஆளையும் அவனே பேசி முடித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை கழிந்து ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை சூசை அண்ணன் கடையில் பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமாகப் போனேன். என்னைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தங்கம், அவன் போன லீவுக்கும் வரல்ல. அதுக்கு முந்தின லீவுக்கும் வரல்ல. போன் பேசினா எனக்க சொகம் கேக்கதுக்கு முன்ன வண்டிக்க சொகத்தக் கேப்பான். எனக்கு அதுல சங்கடம் இல்ல, கேட்டியா? வண்டி கெடக்க மட்டும் என்னைக்காவது வந்து ஓட்டுவான்னு இருந்தேன். இதுவும் போனா அவனுக்கு இஞ்ச என்ன இருக்கு?"

நான் பெஞ்சுப் பக்கம் திரும்பினேன். முட்டைத் தட்டில் அவருடைய நாலு பிளக்கும் இருந்தது. நாலும் ஒரே மாதிரி. உலர்ந்த கரி. ஒன்று கறுத்து மூன்று நன்றாக இருந்தால் அந்த ஒரு சிலிண்டரைப் பிடிக்கலாம். நாலும் ஒன்றுபோலக் கறுத்தால் கோளாறு வண்டிக்குள் இல்லை, வண்டியை வைத்திருக்கிற விதத்தில் இருக்கிறது. செல்வனிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்:

"நீங்க ஒருக்கா அவிய வீட்டுல போய்ப் பாருங்கக்கா. நமக்கு வண்டி மட்டுந்தான் வருது, வீடு வரமாட்டேங்குதுல்லா."

பிளக்கைத் துடைத்து மாட்டி வண்டியை வீட்டுக்கு அனுப்பினோம். மறுநாளும் அதற்கு மறுநாளும் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலை ஒரு பையில் பிளக்கு ஸ்பேனரும் பிரஷும் முட்டைத் தட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காலைப் பூசை விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சூசை அண்ணனும் வந்தார். என்னைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோசம். காப்பி போடச் சொல்லி ஷைனிக்குக் குரல் கொடுத்தார். நான் காப்பி இருக்கட்டும், தினம் என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள், நான் பார்க்கிறேன் என்றேன்.

வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஷெட்டு. வண்டிக்கு மேல் ஒரு பழைய போர்வை. கடல்காற்றில் உப்பு ஒட்டக்கூடாது என்று மூடிவைத்திருக்கிறார். போர்வையை எடுத்து உதறி மடித்தார். கட்டிக் கிழிந்த ஒரு சாரத்தின் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே ஏறி உட்காருவார் என்று பார்த்தேன். உட்காரவில்லை. அந்த முட்டுவலியோடு வெளியே நின்றபடியே குனிந்து, கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி இருமிக்கொண்டு பிடித்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு முன்னால் வந்து பானெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் செபமாலை. உதடு அசைந்துகொண்டிருந்தது. ரெண்டு மூன்று நிமிசத்தில் செபமாலையில் ஒரு பத்து மணி உருட்டி முடிந்ததும், மறுபடி குனிந்து சாவியைத் திருப்பி வண்டியை அணைத்து, போர்வையை விரித்துவிட்டார்.

நான் போர்வைக்கு அடியில் கையை விட்டுப் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். காலை வெயில் பட்ட சுவர் அளவுக்குக்கூடச் சூடு இல்லை.

ஏன் அண்ணே உள்ளே இருந்து ஸ்டார்ட் பண்ணக்கூடாதா, முட்டு வலிக்குமே என்று கேட்டேன். அது அவன் சீட்டல்லவா என்றார். எட்டிப் பார்த்தேன். ஆன்றோ நெட்டைக்காரன். சீட்டு கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது. அவன் எழுந்துபோன மாதிரியே இருந்தது.

பிள்ளைகளே, கோளாறு எனக்குத் தெரிந்துவிட்டது. குளிர்ந்து கிடக்கிற எஞ்சினைப் பிடிக்கிறபோது பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும். அது எரிந்து சூடு ஏறுகிறதுக்குள் அணைத்துவிட்டால் கரி அங்கேயே நிற்கும். மறுநாள் அதன்மேல் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு நாள் காலையிலும் செபம் சொல்லிக்கொண்டே அந்த மனுசன் தன் மகன் வண்டியின் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெரித்துக்கொண்டிருந்தார். கோளாறு கண்டுபிடிக்கிறது பாதி வேலைதான். இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் போனால் ஞாயிற்றுக்கிழமை வண்டி போய்விடும். சொன்னால் அவர் அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே ஆன்றோவின் போன் வந்தது. முகம் பார்த்துப் பேசுகிற போன். அப்பா என்னைக் காட்டினார். அவன் அங்கே வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தான். அக்கா, கம்பிளைண்ட் என்ன, கண்டுபிடித்தாச்சா என்று கேட்டான். சூசை அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மை என் நாக்கின்மேல் இருந்தது. உன் அப்பாதான் என்று ரெண்டு வார்த்தை. ஆனால் அந்த ரெண்டு வார்த்தை கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் என்னவாக வரும் என்று எனக்குத் தெரியும். மகன் கோபப்படுவான், அப்பா தலை குனிவார், வண்டி எப்படியும் போகும்.

"கண்டுபிடிச்சாச்சு மக்கா," என்றேன். "வண்டிக்கு ஓட்டம் காணாது, இன்னும் ஓடணும், அவ்வளவுதான். வாங்க வாற ஆள ஒரு கிழம பொறுக்கச் சொல்லு. அதுக்குப் பொறவும் கயித்துல வந்துதுன்னா நானே பிடிச்சுக் குடுக்கேன்."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு, உங்களுக்காக ஒரு கிழமை, ஏழே நாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் சூசை அண்ணனிடம் வந்தேன். ஆசான் எனக்குச் சொல்லித்தந்த இன்னொரு காரியம் அப்போது நினைவு வந்தது. வண்டிக்காரனிடம் குற்றம் சொல்லாதே, பிளக்கைக் காட்டு என்பார். போர்வையை விலக்கிப் பானெட்டைத் திறந்து நாலு பிளக்கையும் கழற்றி முட்டைத் தட்டில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை துடைத்து மாட்டினது. அதற்குள் கறுத்திருந்தது.

அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வள்ளத்து எஞ்சினோடு வாழ்ந்த மனுசன். பிளக்கு அவருக்குப் புதிதா? வள்ளத்தில் இப்படிக் கறுத்தால் துடைத்துப் போட்டு ஒரு நீள ஓட்டம் ஓட்டிவிடுவோம், சரியாகிவிடும் என்றார். பிளக்கைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அந்த ரெண்டுக்கும் நடுவே இருந்தது அவருக்கே தெரிந்துவிட்டது.

"அப்பம் நான்தான் கெடுத்தனா, தங்கம்?"

"கெடுக்கல்ல அண்ணே. சும்மா கெடந்திருந்தா பேட்டரி செத்து, எலி வயரக் கடிச்சு, எப்பவோ போயிருக்கும். நீங்கதான் இதுக்கு உசிரு நிப்பாட்டி வச்சிருக்கிய. ஆனா இதுக்கு அது காணாது. இது ஓடி வேர்க்கணும்."

இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆறுதல் சொல்வதற்குப் பொய் வேண்டும் என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே தேடினால் கிடைக்கும். கொஞ்சம் கூடுதல் நேரம் தேட வேண்டும், அவ்வளவுதான்.

யார் ஓட்டுவது? அவருக்கு ஓட்டத் தெரியாது. எனக்கும் தெரியாது, வண்டிக்கு உள்ளே இருக்கிறதுதான் எனக்குத் தெரியும். வாடகைக்கு ஒரு டிரைவரைக் கூப்பிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஷைனி பஸ்ஸுக்குப் போகப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். என் காப்பி அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கு லைசென்சு இருக்குல்லா," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

சூசை அண்ணன் திரும்பிப் பார்த்தார். உன் அண்ணன் வண்டி, ஒரு கோடு விழுந்தால் என்ன சொல்வது என்றார். ஏற்கனவே கேட்டுப் பழகின பேச்சு போல அவள் பைப் பட்டையைச் சரிசெய்துகொண்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கோடு விழுந்தால் பெயிண்ட் அடிக்கலாம் அண்ணே, வண்டி போய்விட்டால் எதை அடிப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

பிளக்கைத் துடைத்து மாட்டினேன். ஷைனி ஏறி உட்கார்ந்தாள். சின்ன உருவம். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுக்க வேண்டும். அவள் கை சீட்டுக்கு அடியில் கம்பி வரைக்கும் போய் அங்கேயே நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்தக் கம்பியைத் தூக்கி, மகளோடு சேர்த்துச் சீட்டை முன்னால் இழுத்தார்.

"எட்டுதா?"

"எட்டுது."

அவர் இடது பக்கம் ஏறினார். நான் பின்னால். ஊரைத் தாண்டுகிற வரைக்கும் வண்டி விக்கிக்கொண்டே வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன், கறுப்புப் புகை. கொட்டாரத்து வயல் ஓரமாக வருகிறபோதும் விக்கல் நிற்கவில்லை. நாகர்கோவில் போகிற வழியில் மேம்பாலம் ஏறத் தொடங்கியதும் மோசமாகிவிட்டது. ஒவ்வொரு இடறலுக்கும் எல்லாரும் முன்னால் போய் வந்தோம். பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. ஷைனியின் கழுத்து நனைந்துவிட்டது. நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாள். சூசை அண்ணன் நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இடறல் ஒழுங்காக, ஒரே தாளத்தில் வந்தால் ஒரு பிளக்கு செத்துவிட்டது, நிறுத்த வேண்டும். தாளமில்லாமல் கண்டபடி வந்தால் உள்ளே கரி எரிந்து கழன்றுகொண்டிருக்கிறது, நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அந்த மேட்டில் மறுபடி பிடிக்காது. அப்புறம் கயிறுதான். அதன் பிறகு அவளை யாரும் அந்தச் சீட்டில் ஏற்றமாட்டார்கள். எனக்குக் கேட்ட சத்தத்தில் தாளம் இல்லை.

"நிப்பாட்டாத பிள்ளே. கியரக் கொறச்சுப் பிடி. பைய அமுத்து, விட்டுராத."

அவள் விடவில்லை. பாலத்தின் உச்சி வந்தது. ஒரு பெரிய இடறல். அதோடு சத்தம் மாறிவிட்டது. நல்ல எண்ணெயில் அப்பளம் விழுந்த மாதிரி ஒரே சீராக. பாலத்திலிருந்து இறங்குகிறபோது வண்டி எங்களை அப்படியே ஏந்திக்கொண்டு போனது. பஸ்காரன் முந்திக்கொண்டு போகும்போது ஷைனியை ஒரு பார்வை பார்த்தான். அவள் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தாள்.

சூசை அண்ணன் முன்னால் குனிந்து பானெட்டைப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே, "ஓடுது" என்றார்.

அன்றைக்கு நாகர்கோவில் துணிக்கடை வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸுக்குப் போகிறவள் காரில் வந்து இறங்கியதைப் பார்த்துக் கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மறுநாளும் ஓட்டினாள். அதற்கடுத்தும் ஓட்டினாள். அப்பா முன்னால் உட்கார்ந்து போய், நாகர்கோவிலில் பழைய கூட்டாளிகளோடு காப்பி குடித்து, சாயங்காலம் அவளோடு திரும்பி வந்தார். செபம் காரிலேயே சொன்னாராம்.

கிழமை தீர்ந்ததும் வண்டி கடைக்கு வந்தது. கயிறு இல்லாமல். நான் பிளக்கைக் கழற்றித் தட்டில் வைத்தேன். நாலும் இளம்பழுப்பு, அண்டியாபீஸ் மேசையில் நான் முதல் தரம் என்று தள்ளுகிற நிறம். செல்வன் எட்டிப் பார்த்துவிட்டு, "சோசியருக்கு ஒரு காப்பி சொல்லுலே" என்று உள்ளே குரல் கொடுத்தான். தட்டைச் சூசை அண்ணனிடம் நீட்டினேன். அவர் ஒன்றைத் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. வாங்க வரவிருந்த ஆளுக்கு ஆன்றோ வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், ஆன்றோ வந்தானா என்று. கோயில் திருவிழாவுக்கு வந்தான். அதற்குக் காரணம் பிளக்கு என்று நான் சொல்லவரவில்லை. தினம் சாயங்காலம் அப்பா போனில் வண்டியின் கதை சொல்லத் தொடங்கியிருந்தார். இன்றைக்கு எங்கே போனோம், எந்த வளைவில் ஷைனி எப்படித் திருப்பினாள் என்று. தினம் கதை கேட்கிறவனுக்கு ஒரு நாள் பார்க்கவும் தோன்றும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். வண்டி கடைக்கு வந்தால் அதோடு ஒரு வீடும் வருகிறது. பிளக்கின் நுனியில் அது எழுதியிருக்கும். யாருக்கு அவசரம், யாருக்குப் பயம், யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லாம் அந்த நகக்கனம் இடத்தில் இருக்கும். அதைப் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கிவிடாதீர்கள். என் முட்டைத் தட்டு பெஞ்சுக்கு அடியில் வலது பக்கம் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருவிழா லீவில் மூன்று பேரும் சேர்ந்து சர்வீசுக்குக் கடைக்கு வந்தார்கள். ஷைனி ஓட்டிக்கொண்டு வந்தாள். வேலை முடிந்து திரும்பும்போது ஆன்றோ, நான் ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு ஏறினான். அந்த நெட்டைக்கால் ரெண்டும் மடங்கி முட்டு ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை யார் இப்படி வைத்தது என்று வலியோடு சிரித்துக்கொண்டே கேட்டான். ஷைனி என்னைப் பார்த்தாள். சூசை அண்ணன் இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நேராக முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"அது ஷைனிக்க சீட்டு மக்கா. இப்பம் வேணும்னா பின்னால தள்ளிக்க. எறங்கும்பம் பழையபடி இழுத்துப் போட்டிரு."